சூளையிலிருந்து வீடு வரை

கேள்வி: செங்கல் சூளைக் கொத்தடிமைகளை மீட்கப் போலீஸ் மட்டும் போதாதா?

பதில்: போதாது. போலீஸ் வழக்குப் போடலாம். விடுதலைச் சான்றிதழ் தரவேண்டியது வருவாய்த்துறை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி முன்பணக் கடனே ரத்து. ஆனால் கையில் அந்தத் தாள் இல்லாதவரிடம் முதலாளி மறுபடியும் கணக்கு கேட்டு வந்து நிற்பார்.

ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து திருவள்ளூர் சூளைக்கு வந்த குடும்பம் என்றால் மீட்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு: ஒடியா பேசத் தெரிந்தவர், ரயிலில் துணை, சொந்த மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல்.

மீட்கப்பட்டவர்களுக்கான மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய ஆள்கடத்தலில் 3 லட்சம் ரூபாய் என்கிறது. முழுத் தொகையை வழக்கோடு முடிச்சுப் போட்டதுதான் கோளாறு! எஃப்.ஐ.ஆரில் ஓட்டை விழுந்தால் மீட்கப்பட்டவருக்கே நஷ்டம். தொண்டு நிறுவனத்தார் நீதிமன்றம்வரை கூடவே அலைவது அதனால்தான்.