புகார் வந்தால் ஓட வேண்டுமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

முகூர்த்த நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருநீர்மலை ரங்கநாதர் கோயிலுக்குப் போனால் மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகளைப் பார்க்கலாம். அப்படித் தொடங்கும் குடும்பங்களில் சில, அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் படியும் ஏற நேர்கிறது. மனைவியை அடித்ததாகப் புகார் என்றதும் கணவன் வீட்டில் கூடும் உறவினர்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். அதைக் கேட்டு நடந்தவர்கள் சிக்கலைப் பெரிதாக்கிக்கொண்டதுதான் மிச்சம். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நேரில் வந்து பதில் சொன்னால்தான் அது கைகொடுக்கும்.

நம்பிக்கை: "498ஏ போட்டால் அன்றைக்கே உள்ளே. நாலு நாள் தலைமறைவாக இரு."

உண்மை: மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுதான் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு அது இல்லை; பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள்தான். சிறைத் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டுகள், கூடவே அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. ஆனாலும் புகார் வந்த ஒரே காரணத்துக்காகக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. கைது ஏன் தேவை என்பதைப் போலீஸ் எழுத்தில் காட்ட வேண்டும். தேவையில்லை என்றால், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உத்தரவானது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வருபவரை, தனிக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. தலைமறைவானவரோ அந்தக் காரணத்தைத் தானே போலீஸின் கையில் கொடுத்துவிடுகிறார். கைதாவோம் என்ற பயமிருந்தால் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். ஆயுதம், எலும்பு முறிவு என்றால் கடுமையான பிரிவுகள் சேரும்; நிலைமையும் மாறும்.

நம்பிக்கை: "ஸ்டேஷனில் சமாதானமாகி எழுதிக் கொடுத்தாச்சு. கேஸ் முடிந்தது."

உண்மை: புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்ற புகார் அப்படி முடியலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் முடியாது. 85ஆம் பிரிவுக் குற்றம் தமிழ்நாட்டில் இரு தரப்பும் தாங்களாகவே ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடியது அல்ல. சமரச மனுவோடு உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். 2003 முதலே உச்ச நீதிமன்றம் இந்த வழியை ஏற்றிருக்கிறது. ஸ்டேஷனில் நீட்டும் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம்பிக்கை: "டி.வி. கேஸ் (குடும்ப வன்முறை வழக்கு) வெறும் சிவில்தானே, போகாவிட்டால் என்ன? வீடும் அம்மா பேரில் இருக்கிறது."

உண்மை: 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மனு, குற்றப் புகார் போன்றதல்ல என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2022இல் விளக்கியது. அந்த மனுவில் கேட்பது தண்டனை அல்ல. பாதுகாப்பு, தங்குமிடம், பணம், பிள்ளைகளின் பொறுப்பு போன்றவை. ஆனால் போகாமல் இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வரும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது கிரிமினல் குற்றமாகிவிடும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமியார் பேரில் உள்ள வீடும் மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே தங்கும் உரிமையை அவர் கேட்கலாம் என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நம்பிக்கை: "கோயிலில் கட்டிய தாலி. ரிஜிஸ்டர் செய்யவில்லை. கேஸ் நிற்காது."

உண்மை: திருமணம் போன்ற உறவையும் குடும்ப வன்முறைச் சட்டம் ஏற்கிறது. எது அப்படிப்பட்ட உறவு என்பதற்கான அடையாளங்களை, கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது: ஊரறியக் கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும், இருவருக்கும் திருமண வயதும் தகுதியும் வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இவை இல்லையென்று காட்டுவது நியாயமான எதிர்வாதம். பதிவுச் சான்றிதழ் இல்லை என்பது மட்டும் எதிர்வாதம் ஆகாது. அடித்துக் காயப்படுத்திய குற்றத்துக்கோ தாலியே தேவையில்லை.

நம்பிக்கை: "இது சட்டப் பயங்கரவாதம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லாம் பொய்க் கேஸ்."

உண்மை: அந்தச் சொல் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. 498ஏ செல்லும் என்று உறுதி செய்ததும் அதே தீர்ப்புதான். தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதற்காக ஒரு சட்டம் செல்லாததாகாது என்றது நீதிமன்றம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதே சமயம், யார், எப்போது, என்ன செய்தார் என்று சொல்லாமல் நாத்தனார், கொழுந்தன் என்று எல்லாரையும் சேர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2022இலும் 2024இலும் ரத்து செய்திருக்கிறது. "பொய்க் கேஸ்" என்ற கூச்சல் அங்கே எடுபடவில்லை. தேதியும் விவரமும் இல்லாத புகாரைச் சுட்டிக்காட்டியதுதான் எடுபட்டது.

நம்பிக்கை: "பணமிருந்தால்தான் வக்கீல்."

உண்மை: காவலில் இருப்பவருக்கும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கில் சேர்க்கப்பட்ட மாமியாரும் பெண்தான். செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 எண்ணிலும் கேட்கலாம்.

நம்பிக்கை: "அடித்ததை வக்கீலிடம்கூடச் சொல்லாதே."

உண்மை: நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிட பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு தடை போடுகிறது. மறைத்தால், மருத்துவமனையின் காயச் சான்றிதழ் நீதிமன்றத்தில் வரும்போது வக்கீல் விழிப்பார். அடிக்கவில்லை என்றால் அதைக் காட்டும் பணி நேரப் பதிவு, பயணச் சீட்டு, குறுஞ்செய்திகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள். அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்குப் போன் செய்து மிரட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். இரண்டையும் சாட்சியைக் கலைப்பதாகச் சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள்.