பத்து நிமிடப் பை

பண்ருட்டி,
ஆடி 10

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் நலம். குழந்தைக்கு இரண்டாவது பல்லும் முளைத்துவிட்டதா? மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் கேட்டதாகச் சொல்.

போன மாதம் முடிச்சூரில் உன் புது வீட்டுக்கு வந்தபோது, காவலாளி என்னைக் கூப்பிட்டு மதில்சுவரில் ஒரு கறையைக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற அடையாளம்; என் நெஞ்சுயரம் இருந்தது. நீ இருப்பதோ தரைத்தளம். உன்னிடம் சொன்னதற்கு, "எது வேணும்னாலும் போன்ல சொன்னா பத்து நிமிஷத்துல வந்துடும் சித்தப்பா" என்று சிரித்தாய். குழந்தை தூங்குகிறதே என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதில்தான் இது.

அந்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு கரை மீறி உங்கள் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்தது. கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவர்களும் ஓய்ந்தன. கையில் போன் வைத்துக்கொண்டே மொட்டைமாடியில் படகுக்குக் காத்திருந்தார்கள் ஜனங்கள். வெள்ளம் வரும்போது பத்து நிமிடம் உனக்குக் கிடைக்கலாம். அதற்குள் என்னத்தை எடுப்பாய்?

நாங்கள் எடுக்கத் தெரியாமல் விழித்தவர்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறிய விடியற்காலை. வீட்டில் எல்லாமே இருந்தது, எடுக்கும் இடத்தில் எதுவும் இல்லை. டார்ச்சைத் திறந்தால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சித்திக்கு மூச்சு இழுக்கிறது, இன்ஹேலர் எங்கே என்று இருட்டில் அலமாரி அலமாரியாகத் துழாவினேன். ஓடு பறந்து, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் மழை இறங்கியது. தோப்பில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததற்கு நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர் பட்டா கேட்டார். என் பட்டா பத்திரத்தோடு ஒட்டி அப்பளமாகியிருந்தது. அன்று கற்றது இவ்வளவுதான்: இருட்டில் தேடப்போவதை வெளிச்சத்திலேயே தேடி வைத்துவிட வேண்டும்.

மாப்பிள்ளையின் பழைய லேப்டாப் பை போதும். தோளில் மாட்டினால் இரண்டு கையும் குழந்தைக்கு இருக்கும். முதலில் காகிதங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், காப்பீடு, வீட்டுப் பத்திர நகல், சம்பந்தியம்மாவின் மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் காற்றுப் புகாத கவரில் போடு. கூடவே பத்தும் இருபதும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டு. டவர் இல்லாத ஊரில் கியூஆர் அட்டை வெறும் அட்டைதான். டார்ச்சும் சின்ன ரேடியோவும் வை, பேட்டரியைத் தனியாக உறையில் வை. சிலிண்டர் இருக்கும் வீட்டில் மெழுகுவத்தி வேண்டாம். ஒரு விசிலும் போடு. மாடியிலிருந்து கத்தினால் தொண்டை போய்விடும், விசில் தூரம் கேட்கும்.

தண்ணீருக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வை. நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். வெள்ளம் சம்ப்புக்குள் இறங்கிவிட்டால் குழாய்த் தண்ணீரைத் தொடக்கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே கேன்களை மாடி வீட்டில் ஏற்றிவிடு. சாப்பாட்டுக்கு அடுப்பு வேண்டாதவை: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை. முந்திரி நான் அனுப்புகிறேன். பண்ருட்டிக்காரியின் பையில் அது இல்லாவிட்டால் மானக்கேடு.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதே. பால்பவுடர் கரைக்கச் சுத்தமான தண்ணீருக்கு அப்போது எங்கே போவாய்? ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்தும் குழந்தைக்கு மாற்றுச் சட்டையும் வை. சம்பந்தியம்மாவின் மாத்திரை ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அவர் போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் குப்பி ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், வெயில் மட்டும் படக்கூடாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் நல்லது. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் மெயின் சுவிட்சையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணைத்துவிடு. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே தொடாதே. வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு நடக்காதே. பாம்பு ஒரு பயம், எலிக்காய்ச்சல் இன்னொரு பயம்.

எண்களைத் தாளில் எழுது: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. கடைசி வரியில் என் எண். சென்னைக்குள் ஒருவரையொருவர் பிடிக்க முடியாதபோதும் வெளியூருக்குச் சில சமயம் லைன் கிடைக்கும். பேச முடியாவிட்டால் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் மாட்டிக்கொண்டால் இருவரும் எனக்குச் சொல்லுங்கள், நான் இங்கிருந்து சேதி சேர்த்துவிடுகிறேன்.

கட்டி வைத்த பையும் கெட்டுப்போகும். ஆண்டுக்கொருமுறை ஆடிப்பெருக்கன்று அதைக் கவிழ்த்துக் கொட்டு. பழைய அவலைப் பாயசம் வைத்துவிட்டுப் புதிது போடு, மாத்திரையின் தேதியைப் பார், குழந்தை வளர்ந்திருக்கும் அளவுக்குச் சட்டையை மாற்று. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம் மிச்சமிருக்கும்.

இந்த ஆடிப்பெருக்குக்கு இன்னும் எட்டு நாள். அன்று ராத்திரி சாப்பிட்டபின் ஃபோனில் பத்து நிமிடம் வைத்துவிட்டு விளக்கை எல்லாம் அணை. சம்பந்தியம்மா, குழந்தை, பை மூன்றையும் கூட்டிக்கொண்டு மாடி வீட்டுக் கதவைத் தட்டு. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்குச் சொல். தூங்காமல் காத்திருப்பேன்.

அன்புடன்,
சித்தப்பா