தேங்கிய நீரும் கொசுவின் குடியிருப்பும்

மழை மிகுந்தால் கொசு பெருகும் என்பது பொதுவான எண்ணம். இலங்கையில் 1934ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழை பொய்த்த அவ்வாண்டில் ஈர வலயத்தின் ஆறுகள் மெலிந்தன. மகா ஓயா, தெதுரு ஓயா ஆகியவற்றின் மணற்படுகைகளில் ஓட்டம் நின்று ஆங்காங்கே குட்டைகள் எஞ்சின. தெளிந்த நீர், தடையற்ற வெயில், அசைவின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த அக்குட்டைகளில் 'அனாபிலஸ் குலிசிபேசீஸ்' என்னும் கொசு கணக்கின்றிப் பெருகியது. ஆண்டின் இறுதியில் மூண்ட மலேரியா, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளின் சிற்றூர்கள் பெருந்துயருக்கு உள்ளாயின. உலர் வலயத்தார் ஆண்டுதோறும் காய்ச்சலுக்கு ஆட்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். வற்றாத ஆற்றின் கரையில் வாழ்ந்தோருக்கு அது இல்லை.

இலங்கைத் தமிழர் 'நுளம்பு' என வழங்கும் இச்சிற்றுயிரைப் பலரும் ஒரே இனமாகக் கருதுகின்றனர். மலேரியாவைப் பரப்புவன அனாபிலஸ் பேரினத்துப் பெண் கொசுக்களே. அப்பேரினத்திலும் எல்லா இனங்களும் நோய் சுமப்பதில்லை. இவற்றின் இளம்புழுக்களுக்கு ஏனைய கொசுப்புழுக்களைப் போல நீண்ட மூச்சுக்குழல் கிடையாது. ஆகவே அவை தலைகீழாகத் தொங்காமல், நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். அகப்பையில் நீரை முகந்து பார்க்கும் களப்பணியாளர் முதலில் நோக்குவது இக்கிடையைத்தான்.

ஓர் உழவர் சிற்றூரைச் சுற்றிவந்தால் இனத்துக்கு ஓர் இருப்பிடம் புலப்படும். மாட்டின் குளம்படியில் தேங்கிய கலங்கல் நீரில் 'அனாபிலஸ் வேகஸ்' வளரும். சேறு கலந்த மழைக்குட்டையை 'அனாபிலஸ் சப்பிக்டஸ்' நாடும். நாற்று நட்ட புதுவயலில் குலிசிபேசீஸ் காணப்படும். பயிர் ஓங்கி நிழல் கவிந்ததும் அது அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். குளக்கரைக்குக் கீழே கசிந்து நிற்கும் நீரும், ஓட்டம் குன்றிய கால்வாயின் பள்ளங்களும் அதற்கு உகந்தவை. மதகைத் திறந்து நீரை விரைந்து பாயவிட்டால் அங்குள்ள புழுக்கள் அடித்துச் செல்லப்படும். மருந்து தெளிக்காமலே பயன் தரும் இம்முறைக்கு நீர்ப்பாசனத்தாரும் நலவாழ்வுத் துறையினரும் கலந்து செயற்படுதல் வேண்டும். நடைமுறையில் அரிதாக இருப்பது இக்கூட்டுறவே.

குலிசிபேசீசுக்குள்ளும் கண்ணால் பிரித்தறிய இயலாத ஐந்து உடன்பிறப்பினங்கள் உள்ளன. இராமேசுவரம் தீவிலும் இலங்கையிலும் நோயைச் சுமப்பது அவற்றுள் 'ஈ' எனப் பெயரிடப்பட்ட இனம். பாக் நீரிணையின் இருபுறமும் வாழும் இக்கொசுவுக்கு நாட்டெல்லை பொருட்டன்று.

பூச்சிக்கொல்லித் தெளிப்பால் 1963ஆம் ஆண்டு இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்ததும், ஆறே ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நெடிய உழைப்புக்குப் பின், 2016 செப்டம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதன்பின் சில மாதங்களுக்குள் மன்னாரில் 'அனாபிலஸ் ஸ்டீபன்சி' கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் இனம் அது. ஆற்றுப்படுகைகளில் புழுவைத் தேடிப் பழகிய களப்பணியாளர், அன்றுமுதல் வீட்டுக் கிணறுகளையும் எட்டிப் பார்க்கலாயினர்.