முதுகையும் வரையுங்கள்

காமிக்ஸ் ஓவியர், தன் நாயகனின் முதுகு எப்படி இருக்கும் என்று யோசிக்காமலேயே ஐம்பது பக்கம் வரைந்துவிடலாம். பொம்மை வடிவமைக்க வந்தால் மாட்டிக்கொள்வார். பொம்மையைக் கையில் வாங்கும் குழந்தை அதைத் திருப்பிப் பார்க்காமல் விடாது.

இப்படித் துறை தாவியவர்களில் பெரிய பெயர் கனடாவில் பிறந்த டாட் மெக்ஃபார்லேன். 1990இல் அவர் எழுதி வரைந்த 'ஸ்பைடர்மேன்' முதல் இதழ் சுமார் 25 லட்சம் பிரதிகள் விற்றது. என்ன விற்று என்ன, ஸ்பைடர்மேன் மார்வெல் நிறுவனத்தின் சொத்து. 1992இல் சக ஓவியர்களோடு வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார். 'ஸ்பான்' என்ற சொந்தப் பாத்திரத்தை அதில் கொண்டுவந்தார். அதைப் பொம்மையாக்க 1994இல் தானே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பெயர், டாட் டாய்ஸ். பார்பி பொம்மையின் தம்பி பெயரும் டாட்தான் என்று, பார்பியைத் தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் ஆட்சேபித்தது. மெக்ஃபார்லேன் டாய்ஸ் என்று மாற்றிக்கொண்டார். பெயர்தானே போனது, பாத்திரம் அவரிடமே இருந்தது.

நம் ஓவியர்கள் பக்கத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பொம்மை, சட்டை, விளையாட்டு ஆகியவற்றின் உரிமை யாருக்கு என்ற வரியையும் தேடிப் படியுங்கள். மாதச் சம்பளத்தில் இருந்தபடி வேலைக்காக வரைந்தது, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், இந்தியச் சட்டப்படி முதலாளிக்கே சேரும்.

இனி தொழில். ஸ்பானின் சிவப்பு மேலங்கி காகிதத்தில் பக்கம் முழுக்கப் புரளும். அதை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்தால் எடை பின்பக்கம் இழுத்து, பொம்மை மல்லாக்க விழும். வளைந்த கொம்பு, ஒட்டியிருக்கும் விரல்கள், உள்மடிப்பு எல்லாமே அச்சிலிருந்து வெளியே வர அடம்பிடிக்கும் இடங்கள். அச்சின் இரு பாதிகளும் சேரும் கோடு முகத்தின் நடுவே ஓடினால் அழகு போயிற்று. ஆகவே முதல் கோடு போடும்போதே, எங்கே வெட்டி எங்கே பொருத்துவது என்று கணக்குப் போட வேண்டும். ஸீபிரஷ் போன்ற முப்பரிமாண மென்பொருள் கற்பது அவசியம்தான். அதற்கு முன் ஒரு மாதம் களிமண் பிசைவது அதைவிட அவசியம் என்பேன்.

பாதுகாப்பு விதிகளை அலுவலக வேலை என்று ஒதுக்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கான பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

முறையாகப் படிக்க விரும்பினால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது பத்துப் பாத்திரங்களை அடுக்காதீர்கள். ஒன்று போதும்: முன், பக்கம், பின் என மூன்று படங்கள், கூடவே நீங்களே பிசைந்த களிமண் மாதிரியின் புகைப்படம். முட்டுக்கொடுக்காமல் நிற்கவைத்து எடுங்கள்.