ரவுட்டரில் 'எரர்', 'டிராப்': எப்படிப் படிப்பது?

வேங்கிக்காலில் வீட்டு வைஃபை மூலம் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீங்க. பணம் செலுத்தும் நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பகுதி இருந்தால் திறந்து பாருங்க. பாக்கெட், எரர், டிராப் என்று எண்கள் இருக்கும். இணையத்தில் தகவல் சிறுசிறு துண்டுகளாகப் போகும். ஒரு துண்டுதான் பாக்கெட்.

எரர்: துண்டு சிதைந்து வந்திருக்கிறது. தளர்ந்த கேபிள் முனை, பழுதான ஒயர் காரணமாக இருக்கலாம்.

டிராப்: துண்டு நல்லாத்தான் வந்தது, கைவிடப்பட்டது. பெரும்பாலும் நெரிசல்தான் காரணம். தீபத்தன்று பஸ் நிரம்பினால், நிறுத்தத்தில் நிற்பவரை விட்டுவிட்டுப் போவது போல.

இந்த எண்கள் பொதுவாக ரவுட்டரை ஆன் செய்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும். அதனால் மொத்தத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. 10 நிமிட இடைவெளியில் 2 முறை குறித்து, வித்தியாசத்தைப் பாருங்க. பாக்கெட் 50,000 கூடும்போது எரர் 5 கூடினால் 0.01 சதவீதம், பரவாயில்லை. 1,000 கூடினால் 2 சதவீதம், கேபிளைச் சரிபாருங்க.

டிராப் கூடினால் வீட்டில் ஓடும் வீடியோ, டவுன்லோடை நிறுத்திப் பாருங்க. இரண்டுமே கூடவில்லையா? கோளாறு ரவுட்டருக்கு வெளியே இருக்கலாம். இணைய நிறுவனத்திடம் புகார் செய்யுங்க.

முக்கியமாக, தொலைந்த துண்டு பெரும்பாலும் தானாகவே மறுபடி அனுப்பப்படும். திரை நின்றதால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. வங்கிக் குறுஞ்செய்தியையும் விண்ணப்ப நிலையையும் பார்த்த பிறகே மீண்டும் செலுத்துங்க.