கருவி செய்யுமுன் வீட்டுக்குப் போங்கள்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டுக்குள் சென்றிருக்கிறீர்களா? தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி, மிதிகளை மாறி மாறி மிதித்தபடி நெசவாளர் அமர்ந்திருப்பார். கோர்வைப் புடவை என்றால், மறுகரையின் நாடாவை எறிய இன்னொருவரும் பக்கத்தில் இருப்பார்.

இத்தகைய வீடுகளுக்கே மருத்துவம் தேடி வருகிறது. தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். நோயுள்ளவர்களுக்கு மாத்திரைகளும் தருகிறார்கள்.

அந்த அளவுகளைப் பதிவதற்கு ஒரு கைப்பேசிச் செயலியை நீங்கள் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர், வயது, அழுத்தம் என மூன்று கட்டங்கள் போதும் அல்லவா? போதாது! ஏன் என்று பார்ப்போம்.

திரவத்தில் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். இரத்தமும் திரவமே. பட்டை கட்டிய கை இதயத்துக்கு 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், 100 மி.மீ. உயர இரத்தத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். பாதரசம் இரத்தத்தைப் போல் சுமார் 13 மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே சேரும் அளவு ஏறக்குறைய 8 மி.மீ. பாதரசம். மேல் அளவு 134 உள்ளவருக்குக் கருவி 142 காட்டும்! மருத்துவர்கள் பொதுவாக 140ஐ எல்லையாகக் கொள்வதால், நலமாயிருப்பவர் நோயாளிபோல் தோன்றுவார். கருவியில் குற்றம் இல்லை. கை இருந்த இடம்தான் தவறு.

மேலும், அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். ஆனால் கோர்வைத் தறியில் ஒருவர் எழுந்தால் இருவர் வேலை நிற்கும். “சீக்கிரம் பாரும்மா” என்பார் நெசவாளர். தறியடியில் கையைத் தாங்க மேசையும் இராது. “சோதனை எப்படி நடக்கிறது?” என்று அவரைக் கேட்டால், “நன்றாக நடக்கிறது” என்றே சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. பழகிப்போன இடைஞ்சல் கண்ணில் படுவதில்லை. ஆகவே கேட்டால் மட்டும் போதாது. உடனிருந்து பார்க்கவும் வேண்டும்.

பார்த்தபின் உங்கள் செயலி மாறும். கை இதய மட்டத்தில் இருக்கும் படம் முதலில் தோன்றும். ஐந்து நிமிடம் கழிந்த பின்பே எண் எழுதும் கட்டம் திறக்கும். அதற்குள் தன்னார்வலர் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணலாம். நெசவாளருக்கு வசதியான நேரத்தைக் குறிக்கவும் ஓர் இடம் இருக்கும். இவற்றை முதலில் காகிதத்தில் வரைந்து தன்னார்வலரிடம் காட்டுங்கள். அவர் தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

செய்து பாருங்கள்

உங்கள் தாத்தா அல்லது பாட்டி மாத்திரை சாப்பிடும் முறையை, அவர்களின் அனுமதியோடு, ஒரு வாரம் கவனியுங்கள். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள்: ‘சொன்னது’, ‘கண்டது’. இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கேதான் நல்ல கருவி ஒன்று பிறக்கக் காத்திருக்கிறது.