தேர்த்தட்டுக்குப் பூவரசு, தேர்ச்சீலைக்குக் காவிச் சிவப்பு

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகன் ஒரு ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கிக் கொடுத்தான். பொழுது அதிலேயே போகிறது. பெயர்ப்பலகை, சாவி மாட்டும் பலகை என்று சில்லறை வேலைகள் செய்து கை பழகிவிட்டது. அடுத்து, மகனுடைய புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நம்ம நெல்லையப்பர் தேரை ஒன்றரை அடி அகலத்தில் துண்டு துண்டாக அறுத்துச் சேர்த்து, வண்ணம் தீட்டிக் கொடுக்க ஆசை. பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்குக் கதவு ஒன்று கிடக்கிறது. எங்கள் ஆசாரி, ‘தேக்கை விட்டா வேற என்ன இருக்கு?’ என்கிறார். மரக்கடையில், பிளைவுட்டே போதும் என்கிறார்கள். ஒத்திகைக்கு வேப்பம்பலகையில் ஒரு மயில் அறுத்தேன். தோகை நுனிகள் ஒடிந்துபோயின. மிச்ச இடத்தில் அடித்த வெள்ளை பெயின்ட் ஒரே வாரத்தில் டீக்கறை பட்டதுபோல ஆகிவிட்டது. எந்த மரம் வாங்க? வண்ணத்தை எப்படித் தேர்ந்தெடுக்க?

— வாசகர், திருநெல்வேலி டவுண்

பதில்: மயிலை முதலில் முடித்துவிட்டுத் தேருக்குப் போவோம். தோகை ஒடிந்ததற்கு வேம்பின் மேல் பழி போடாதீர்கள். பலகையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. தோகை விசிறியாக விரியும்போது நடு இறகுகள் நாரோடு சேர்ந்து போகும். பக்கவாட்டில் படுத்த இறகுகள் நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். கால் அங்குல அகலத்தில் ஓர் இறகு குறுக்காகப் போனால், அந்த இடத்தில் ஒவ்வொரு நாரின் நீளமும் அந்தக் கால் அங்குலம்தான். விரல் பட்டாலே தெறித்துவிடும். தேக்கானாலும் அப்படித்தான் ஒடிந்திருக்கும். ஆகவே வரைபடத்தைப் பலகையில் ஒட்டுமுன் அதிலேயே மெல்லிய இடம் எது என்று தேடுங்கள். அது நாரோடு போகும்படி தாளைத் திருப்பி ஒட்டுங்கள். நாலாபக்கமும் மெல்லிசாக விரியும் வடிவம் என்றால் அதைத் திருப்பியும் பயனில்லை. அதற்குத்தான் பிளைவுட்: ஒரு தாளின் நார் நெடுக்கே, அடுத்த தாளின் நார் குறுக்கே.

கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் பிளைவுட் பலவற்றில் நடுத்தாள்கள் முட்டிச் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். அலமாரி செய்கிறவருக்கு அது கண்ணில் படாது. நீங்கள் ஓட்டை போட்டு அறுக்கும்போது சரியாகப் பிள்ளையார் முகத்தில் பொந்து வந்து நிற்கும். 6 மி.மீ. பலகை கேட்டு, அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து தாள் தெரிந்தால் வாங்கலாம். மூன்றுதான் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த பலகை வீட்டில் எங்கேனும் கிடந்தால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். பசை விட்டிருக்கும், அறுக்கும்போது தாள் தாளாகப் பிரியும்.

வெள்ளை பழுத்தது வேறு விஷயம். வேம்பு, தேக்கு, பலா, வேங்கை போன்ற மரங்களின் வைரத்தில் நீரில் கரையும் நிறச்சத்து இருக்கிறது. வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் அந்தச் சத்தைத்தான் மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் கறை ஏறிக்கொண்டே இருக்கும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் ஒரு கோட் பூசிக் காயவிட்டால் கறை அதற்குக் கீழேயே அடங்கிவிடும். பழைய பாலிஷ் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ரெடிமேட் சீலர் வந்தபின் மறந்துபோனது.

இனி தேர். மரம் ஒரு கேள்வி, வண்ணம் இன்னொரு கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பேன். ஆனித் தேரோட்டத்தில் தேர் நிலையைவிட்டு வரும்போது சற்று விலகி நின்று பாருங்கள். கீழே சிற்பத் தட்டுகள் எண்ணெய் குடித்துக் கறுத்த மரம், பெயின்ட் கிடையாது. அதற்கு மேலேதான் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகத் தேர்ச்சீலை, ஓரங்களில் தொங்கும் தொம்பை. மரம் இருக்கும் இடத்தில் வண்ணம் இல்லை, வண்ணம் இருக்கும் இடத்தில் மரம் வெளியே தெரிவதில்லை. உங்கள் பலகையையும் இப்படியே பிரியுங்கள். நல்ல மரத்தைப் பெயின்டுக்குள் புதைக்காதீர்கள். பெயின்ட் அடிக்கப்போகும் துண்டுக்கு நல்ல மரம் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.

தேர்த்தட்டுக்கு என் தேர்வு பூவரசு. ஆசாரி சிரிப்பார், சிரிக்கட்டும். வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிற மரம் என்பதால் அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. அறுத்துப் பாருங்கள்: நடு வைரம் கறுஞ்சாக்லேட் நிறம், ஓர வெள்ளை இளஞ்சிவப்பு தட்டிய சந்தன நிறம். ஒரே பலகையில் இருட்டும் வெளிச்சமும் கிடைக்கின்றன. சிற்பத் தட்டுகளை வைரத்திலிருந்தும், தட்டுகளுக்கு இடையே வரும் பட்டிகளை வைரமும் வெள்ளையும் சேரும் இடத்திலிருந்தும் எடுத்தால், ஒரு சொட்டு பெயின்ட் இல்லாமல் படிப்படியாக நிழல் விழும். அமெரிக்காவில் துண்டு மரச்சித்திரத்தைப் பிரபலமாக்கிய ஜூடி கேல் ராபர்ட்ஸ், அங்குள்ள மேற்கத்திய செந்தேவதாருவை இதே காரணத்துக்காகத்தான் அதிகம் பயன்படுத்தினார். அந்த ஒரு மரத்திலேயே வெளிர் சந்தனத்திலிருந்து கரும்பழுப்பு வரை கிடைக்கும். நமக்குப் பூவரசு இருக்கும்போது அதைக் கப்பலில் வரவழைக்க வேண்டியதில்லை.

பூவரசில் ஒரே தொல்லை, காய்ந்த பலகையாகக் கடையில் கிடைப்பது அரிது. அறுவை மில்லில் சொல்லிவைத்து, பச்சையாகக் கிடைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கில் நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். பால்காய்ப்பு அதற்குமுன் வருகிறதென்றால், உடைந்த மாட்டுவண்டிச் சக்கரம் எங்காவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் பூவரசு கலந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஏற்கெனவே காய்ந்து இறுகியிருக்கும்.

கறுப்பு வேண்டும் என்று கருங்காலி தேடி அலையாதீர்கள். மாலைக்கும் வளையலுக்கும் கருங்காலி மோகம் வந்த பிறகு சாயம் ஏற்றிய கட்டையெல்லாம் அந்தப் பெயரில் விலைபோகிறது. ஈட்டியும் எளிதில் கிடைக்காது. பழைய நாற்காலிக் கால், கட்டில் சட்டம் என்று உடைந்த சாமானில் தேடினால்தான் உண்டு. கறுப்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை இடித்து வெந்நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். இன்னொரு பாட்டிலில் வினிகரை ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். ஸ்டீல் நார் வேண்டாம், துருப்பிடிக்கிற இரும்பு நார்தான் வேண்டும். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். வெளிர்மரத் துண்டின் மேல் கடுக்காய்த் தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புத் தண்ணீரைத் துணியால் தடவுங்கள். கை எடுக்குமுன் சாம்பல் நிறம் ஏறும். சற்று நேரத்தில் மை போலக் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மர இழைக்குள்ளேயே உண்டாகும் கறுப்பு இது. கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கோடு விழுவதும் இதே சேர்க்கையில்தான். பெயின்டைப்போல மேலே படலமாக நிற்காது, இழை அப்படியே தெரியும். சக்கரங்களுக்கும் தேரின் சுற்றுக்கோட்டுக்கும் இதைப் பயன்படுத்துங்கள்.

சீலையும் தொம்பையும் பெயின்ட் அடிக்க வேண்டிய துண்டுகள். இவற்றுக்கு வேண்டியது வெளிர் நிறம், நெருங்கிய இழை, சாறு விடாத மரம். குமிழ் இருந்தால் குமிழ். வளையாது, பிளேடுக்கும் மெத்தென்று இருக்கும். மலைவேம்பு பரவாயில்லை. குமரி மாவட்டத்திலிருந்து வரும் ரப்பர் மரம் பெயின்டை நன்றாக வாங்கும், ஆனால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உளுத்து மாவாகக் கொட்டும். கர்நாடகத்தின் சென்னபட்டணாப் பொம்மைக்காரர்கள் வெட்பாலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் தந்த வெண்மைக்காகவே. நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு ஒருகாலத்தில் மஞ்சக்கடம்பு. கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால், உரசும் சூட்டில் அது உருகிப் படிகிறது. அரக்கு ஒளியை உள்ளே விடுவதால் அடியிலுள்ள வெளிர்மரம் நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. தட்டைத் துண்டுக்கு அந்த முறை வராது, ஆனால் அதன் தத்துவம் வரும்: அக்ரிலிக் வண்ணத்தில் மூன்று நான்கு பங்கு தண்ணீர் விட்டு நீர்க்கப் பூசுங்கள். முதல் பூச்சில் இழை சிலிர்த்து நிற்கும். 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக நீவிவிட்டு அடுத்த பூச்சு. ஓரங்களுக்கும் பூச மறக்காதீர்கள், துண்டுகளைச் சேர்த்தபின் இடுக்கில் வெறும் மரம் பல்லைக் காட்டும். எனாமல் வேண்டாம். கேட் கம்பிக்கு நல்லது.

எந்தச் சிவப்பு? டப்பாவில் இருக்கிறபடியே எடுத்தால் பூவரசின் பக்கத்தில் அது கத்தும். கொஞ்சம் செங்காவி கலந்து அடக்குங்கள். வெள்ளையில் மஞ்சள் காவி ஒரு துளி, மஞ்சளில் பழுப்பு ஒரு துளி. மர நிறம் எல்லாமே வெதுவெதுப்பானது. பக்கத்தில் பளீரென்ற சுத்த வெள்ளை நின்றால் பிளாஸ்டிக் போலத் தெரியும். பச்சை சேர்க்க நினைத்தால் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். வண்ணம் பூசிய சில்லுகளை வரிசையாக வைத்து, போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுங்கள். நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் பெரும்பாலும் ஒரே சாம்பலாக விழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். எட்டி நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் எட்டுவது நிறத்தின் பெயரைவிட அதன் வெளிச்சமும் இருட்டும்தான். மூன்று படி தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் பச்சையை இன்னும் கருக்குங்கள், அல்லது அதை விட்டேவிடுங்கள். என்னைக் கேட்டால் விட்டுவிடலாம்.

பத்தமடைப் பாயின் பழைய சிவப்பு சப்பங்கிக் கட்டையிலிருந்து வந்தது. அதை மரத்துக்கு ஏற்றலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. படிகாரம் சேர்த்தால் அழகாகவே பிடிக்கும். ஆனால் வெளிச்சத்தில் வெளிறும். சுவரில் மாட்டுவதற்கு உதவாது.

உங்கள் தேக்குக் கதவு பின்னணிப் பலகையாகவும் சட்டமாகவும் இருக்கட்டும். அதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. பழைய வீட்டின் மரத்தில் மகன் வீட்டுத் தேர் நிற்கும். நுணுக்க வேலைக்குத் தேக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம், அதன் உடம்பில் சிலிக்கா இருக்கிறது, மெல்லிய பிளேடை மழுங்கடித்துவிடும். இழைப்பதற்குமுன் காந்தத்தால் ஆணி தேடுங்கள். ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை போடுங்கள், எண்ணெய்ப் பசை மேலே வருமுன். மஞ்சள் வேண்டும் என்று தேக்கின் பக்கத்தில் பலாவை வைக்க ஆசை வரும். இன்று பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பலா வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிக்கொண்டே போகும், ஓரிரு வருடத்தில் எது தேக்கு எது பலா என்று தெரியாது. நிற்க வேண்டிய மஞ்சளை வண்ணமாகவே பூசிவிடுங்கள்.

கனத்திலும் வித்தியாசம் காட்டுங்கள்: தேர்த்தட்டு 18 மி.மீ., சீலை 12. பின்பலகையிலிருந்து அவை வெவ்வேறு உயரத்தில் நிற்கும்போது பாதி வேலையை நிழலே செய்துவிடும். 18 மி.மீ. பூவரசுக்கு 5ஆம் நம்பர் பிளேடு. மேலே பேக்கிங் டேப் ஒட்டி அறுத்தால் ஓரம் கருகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வேப்பந்தூள் மூக்கை எரித்ததை நீங்களே அறிவீர்கள்.

மேலும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரவேலை இருக்கிறது. அனுமதி கிடைத்தால் திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள்ளும் ஏறிப் பாருங்கள். அங்கே மரத்தில் செதுக்கியதும் சுவரில் தீட்டியதும் ஒரே நிலையில் அடுத்தடுத்து இருக்கின்றன.

கடைசிப் பூச்சுக்கு எண்ணெய் வார்னிஷ் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது நாளாக ஆக மஞ்சளிக்கும், வெள்ளைத் தொம்பை அழுக்காகும். தண்ணீரில் கலக்கும் மேட் டாப் கோட் இரண்டு கை. பூவரசுக்கும் தேக்குக்கும் மட்டும் அதற்குமுன் அரக்கு ஒரு கை. மாட்டுகிற சுவரில் நேர்வெயில் விழுகிறதா என்று மகனிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.